ரயில் மேட்டில் நட்ட மூன்று கற்கள்

“இந்த எடம் எங்களோடது இல்லீங்க சார். சத்தியமாப் பண்ணையோடதுதான்” என்றார் அஞ்சலை.

“எனக்கும் இந்த மேட்டுக்கும் ஒரு சம்பந்தமும் கெடையாது தம்பி. இது சர்க்கார் புறம்போக்கு. அப்படியே எழுதிக்குங்க” என்றார் பண்ணையார் சிவக்கொழுந்து.

நான் அளவுச் சங்கிலியைக் கீழே போட்டுவிட்டு இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தேன்.

பங்குனி வெயில் அப்போதே ஏறிவிட்டிருந்தது. நெல் அறுத்த வயலில் உளுந்து முற்றி, நெற்றெல்லாம் கறுத்துக் கிடந்தது. காற்று அடித்தால் சலசலவென்று சத்தம் கேட்கும். அந்த வயல்களின் நடுவே, ஆள் உயரத்துக்கு எழும்பி, மேற்கிலிருந்து கிழக்காக ஒரே கோடாகப் போனது ரயில் மேடு. அதன் முதுகில் வரிசையாகக் கூரை வீடுகள். வீட்டு வாசல்களில் ஆணும் பெண்ணுமாகத் தெரு முழுக்க நின்றிருந்தது. எல்லோரும் என் வாயைப் பார்த்தார்கள்.

சர்வேயர் வேலையில் சேர்ந்து எனக்கு அது இரண்டாவது வருடம். ‘என்னோடது, என்னோடது’ என்று இரண்டு பேர் அடித்துக்கொள்வதுதான் எனக்குத் தெரிந்த நிலத் தகராறு. ‘உன்னோடது, உன்னோடது’ என்று சண்டை போட்டு அன்றுதான் முதல் தடவையாகப் பார்த்தேன்.

என்னோடு வந்த செயின்மேன் மாணிக்கம் காதருகே குனிந்து, “சார், எனக்கு ஒண்ணும் புரியல. உங்களுக்குப் புரியுதா?” என்றார்.

“புரியுது” என்றேன். அது பொய்.

கல்லுக்குழி ரயில்

செயின் பிடிக்கக் கற்றுக்கொண்ட கதையைச் சென்ற வாரம் எழுதியபோது, போகிற போக்கில் ‘சுரங்க ரயில் மேடு’ என்று குறிப்பிட்டிருந்தேன். வலங்கைமானிலிருந்து ஒரு வாசகர், “நெல் விளையும் சீமையில் ஏது ஐயா சுரங்கம்?” என்று கேட்டு எழுதியிருக்கிறார். நியாயமான கேள்விதான்.

தஞ்சாவூருக்குத் தெற்கே, மேற்கே போகப் போக வயல் முடிந்து செம்மண் மேடு தொடங்கிவிடும். முந்திரித் தோப்பும் ஈச்சம் புதரும் நிற்கும் பூமி. அங்கே மண்ணுக்கடியில் செம்புறாங்கல் உண்டு. வெள்ளைக்காரன் காலத்தில் ஒரு கம்பெனி அந்தக் கல்லை வெட்டி எடுத்தது. நாங்கள் புதாறு என்று சொல்லும் கால்வாய் வேலை நடந்தபோது, பாலத்துக்கும் மதகுக்கும் கல் வேண்டியிருந்தது. கல்லைக் கொண்டுபோகச் செம்மண் மேட்டிலிருந்து புதாற்றங்கரை வரைக்கும் வயல்களுக்கு நடுவே மண் கொட்டி மேடு எழுப்பி, ஒரு குட்டி ரயில் விட்டார்கள். வெட்டிய பள்ளத்தை ஊர்க்காரர்கள் ‘கல்லுக்குழி’ என்றார்கள். ரயிலைக் ‘கல்லுக்குழி ரயில்’ என்றார்கள்.

கால்வாய் வேலை முடிந்ததும் கம்பெனி போய்விட்டது. தண்டவாளத்தைப் பெயர்த்துக்கொண்டு போனார்கள். மேட்டை யாரால் தூக்கிக்கொண்டு போக முடியும்? அது அங்கேயே கிடந்தது.

பிறகு ஒரு வருடம் பெருவெள்ளம். வயல் ஓரத்துத் தாழ்வில் இருந்த கூலிக்காரர் குடிசைகளெல்லாம் கரைந்தன. அந்தக் குடும்பங்கள் சட்டி பானையோடு மேட்டில் ஏறின. தண்ணீர் வடிந்த பிறகும் இறங்கவில்லை. இப்படித்தான் அந்தத் தெரு உண்டானது.

வாதம் மாறிய கதை

மேட்டில் ஏறியவர்களைச் சிவக்கொழுந்துவின் பண்ணை சும்மா விடவில்லை. “என் நெலத்துல குடியிருக்கீங்க. வாடகையெல்லாம் வேண்டாம். வீட்டுக்கு ஒரு ஆள் வாரத்துல ஒரு நாள் பண்ணையில கூலி இல்லாம வெட்டி வேல பாக்கணும்” என்று உத்தரவு போட்டார்கள். பல வருடம் அப்படியே நடந்தது. கூலி கேட்டுச் சங்கம் வந்தது, செங்கொடி ஏறியது, அடிதடி, கோர்ட்டு, கேஸ் எல்லாம் வந்தன. அந்தக் காலத்தில் தஞ்சை ஜில்லாவில் இருந்தவர்களுக்கு நான் விவரிக்க வேண்டியதில்லை.

அப்போது மேட்டுத் தெருக்காரர்கள் கைநாட்டு வைத்துத் தாலுகா ஆபீசுக்கு மனு கொடுத்தார்கள்: ‘நாங்கள் குடியிருப்பது கம்பெனி ரயில் புறம்போக்கு. பண்ணைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. எங்களிடம் வெட்டி வேலை வாங்கக் கூடாது.’ பண்ணையாரும் பதில் மனு கொடுத்தார்: ‘மேற்படி மேடு என் பாட்டனார் கம்பெனிக்குக் குத்தகைக்கு விட்டது. குத்தகை முடிந்ததும் எங்களுக்கே திரும்பிவிட்டது.’

கழக ஆட்சி வந்து சில வருடம் கழித்து ஒரு சட்டம் வந்தது. இன்னொருவர் பட்டா நிலத்தில் குடிசை போட்டிருக்கும் விவசாயத் தொழிலாளிக்கு, அந்த மனை அவருக்கே சொந்தம். ஆனால் புறம்போக்கில் இருந்தால் இந்தச் சட்டம் பொருந்தாது. அது ஆக்கிரமிப்பு. எப்போது வேண்டுமானாலும் காலி செய்யச் சொல்லலாம்.

அவ்வளவுதான். ஒரே ராத்திரியில் இரண்டு பக்கமும் இடம் மாறிக்கொண்டார்கள். புறம்போக்கு என்று கத்தியவர்கள் பண்ணை நிலம் என்றார்கள். பண்ணை நிலம் என்று கத்தியவர் புறம்போக்கு என்றார். பழைய மனுக்களும் புதிய மனுக்களும் ஒரே ஃபைலில் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தன. மேலிருந்து கீழே படித்தால் ஒரு கதை. கீழிருந்து மேலே படித்தால் வேறு கதை.

கிராமக் கணக்கைப் புரட்டினேன். அந்த மேட்டுக்கு எதிரே உரிமையாளர் பெயர் இருக்க வேண்டிய கட்டத்தில் ‘மேற்படி’ என்று மட்டும் எழுதியிருந்தது. அதற்கு மேல் வரி முந்தைய பக்கத்தில். முந்தைய பக்கத்தைக் கரையான் தின்றிருந்தது.

அக்காவின் சம்பந்தம்

இன்னொரு சங்கடமும் உண்டு. அதையும் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் ஊர் திருக்காட்டுப்பள்ளிப் பக்கம். அப்பாவுக்குக் கொஞ்சம் சொந்த நிலம், கொஞ்சம் குத்தகை. அந்த வருடம்தான் என் அக்கா வசந்தாவுக்கு ஒரு மாப்பிள்ளை பார்த்து, பூ வைத்து, நிச்சயம் செய்யும் நிலையில் இருந்தோம். மாப்பிள்ளைக்குத் தாய்மாமன் இதே சிவக்கொழுந்து. அந்த வீட்டில் அவர் வைத்ததுதான் சட்டம்.

ஆபீசில் இதைச் சொல்லி வேறு சர்வேயரைப் போடச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்று இன்றைக்கு வரை எனக்கே தெளிவில்லை. வேலையில் வீறாப்பா, மாப்பிள்ளை வீட்டார் என்னிடம் கொஞ்சம் பயப்படட்டும் என்ற அற்ப ஆசையா, தெரியவில்லை.

மேட்டின் மேல் நடந்தேன்

கணக்கு கைவிட்ட பிறகு, மேட்டையே கேட்டுப் பார்ப்பது என்று முடிவு செய்தேன். கம்பெனி அந்த இடத்தை விலைக்கு வாங்கியிருந்தால் எல்லைக்கல் நட்டிருக்கும். குத்தகைக்கு எடுத்திருந்தால் நட்டிருக்காது. இரண்டு பக்கத்து வயலுக்கும் ஒரே சர்வே நம்பர். அதனால் கல் இல்லாவிட்டால், நடுவில் இருக்கும் மேடும் அதே நம்பரில்தான் சேரும். அதாவது பண்ணை நிலம்.

மேட்டுத் தெருவில் மூன்று கற்கள் இருந்தன. கருங்கல். முழங்கால் உயரம். தலையில் ஒரு அம்புக்குறியும் ஆங்கில எழுத்தும், கீழே நம்பரும் செதுக்கியிருந்தது. நான்கு, ஐந்து, ஆறு. ஐந்தாம் நம்பர் அஞ்சலையின் வீட்டு வாசலிலேயே இருந்தது. அவற்றைப் பார்த்ததும் சிவக்கொழுந்து துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். பழைய கட்சியில் இருந்தவர், அந்த வருடம்தான் கரை வேட்டிக்கு மாறியிருந்தார். “கல்லு பேசுது பாருங்க” என்றார்.

மறுநாள் காலை நானும் மாணிக்கமும் புதாற்றங்கரையில் ஆரம்பித்து மேற்கே முழு மேட்டையும் நடந்தோம். அந்த நடை இன்னும் கண்ணுக்குள் இருக்கிறது. முதலில் வாய்க்காலின் குறுக்கே மூன்று கண் வைத்த செங்கல் பாலம். சுண்ணாம்புக் காரை உதிராமல் இருந்தது. கண்ணுக்குள் தவிட்டுப் புறா கூடு. அப்புறம் எஞ்சினுக்குத் தண்ணீர் பிடித்த தொட்டியின் நான்கு தூண்கள். தொட்டி இல்லை. தூண்களின் தலையில் அரசங்கன்று முளைத்திருந்தது. பிறகு மேட்டுத் தெரு. அங்கே வண்டிகள் நின்று எடை பார்த்த கல் மேடை. அதன்மேல் அன்று மிளகாய் காய்ந்துகொண்டிருந்தது. தெருவின் கொடிக்கம்பத்தில் ஒரு முழத் தண்டவாளத் துண்டைக் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். சங்கக் கூட்டத்துக்கு அதைத்தான் அடிப்பார்களாம்.

தெருவைத் தாண்டிய பிறகு கல்லே இல்லை. ஒன்றுகூட இல்லை. வயல் தீர்ந்து செம்மண் தொடங்கியது. முந்திரிப் பூ வாசனை மூக்கை அடைத்தது. கல்லுக்குழியின் விளிம்புக்கு வந்தோம். அதல பாதாளமாகப் பள்ளம், அடியில் பச்சைத் தண்ணீர், ஓரமெல்லாம் அல்லி. பள்ளத்தைச் சுற்றிக் கம்பெனிக் கற்கள் வரிசையாக நின்றன. அது கம்பெனி விலைக்கு வாங்கிய இடம். அதில் யாருக்கும் சந்தேகமில்லை.

மாணிக்கம் சத்தமாக எண்ணிக்கொண்டே போனார். “ஒண்ணு... ரெண்டு... மூணு...” பிறகு நின்றுவிட்டார். “சார், அடுத்தது ஏழு.”

மூன்றுக்கும் ஏழுக்கும் நடுவே, தரையில் மூன்று குழிகள். விளிம்பு மழுங்கி, சருகு நிறைந்து, ஆனால் சதுரமாக.

“என் நெலத்துல நானே கல்லு நடுவனா?”

கற்கள் இருந்தால் யாருக்கு லாபம்? பண்ணையாருக்கு. அப்படியானால் பிடுங்கிக்கொண்டு வந்து நட்டவர் அவர்தான். இதைவிடத் தெளிவாக என்ன வேண்டும்?

நேராகப் பண்ணை வீட்டுக்குப் போனேன். களத்தில் உளுந்து காயவைத்துக்கொண்டிருந்தார்கள். அவர் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து இளநீர் குடித்துக்கொண்டிருந்தார். எனக்கும் ஒன்று சீவச் சொன்னார். வேண்டாம் என்றேன்.

“மாமா, அந்தக் கல்லு மூணும் கல்லுக்குழியிலேருந்து வந்தது. குழியப் பாத்துட்டு வர்றேன்.”

அவர் முகத்தில் நான் எதிர்பார்த்த பயம் இல்லை. குழப்பம்தான் இருந்தது. “வந்ததா? எப்படி வந்தது?”

“நீங்கதான் சொல்லணும்.”

“தம்பி, கொஞ்சம் யோசிச்சுப் பேசு. அந்தக் கல்லு பத்து வருஷத்துக்கு முந்தியே அங்க நின்னுச்சு. அன்னிக்கு அந்த மேடு என்னுதுன்னு சண்ட போட்டுக்கிட்டிருந்தேன். என் நெலத்துல கம்பெனிக் கல்ல நானே நடுவனா? அந்தக் கல்லப் பாத்துட்டுத்தான அன்னிக்குத் தாசில்தார் எனக்கு எதிராப் பேசினாரு! அது நல்ல கல்லுன்னு இல்ல நெனச்சிக்கிட்டிருந்தேன்!”

அவர் சொன்னது உண்மை என்று குரலிலேயே தெரிந்தது. பத்து வருடம் முன்பு அந்தக் கற்கள் அவருக்கு விரோதி. இப்போதுதான் சிநேகிதம். அப்படியானால் நட்டது யார்? இளநீரை வாங்கிக் குடித்துவிட்டு வந்தேன். தாகம் தணியவில்லை.

விறகு வண்டி

அன்று பிற்பகல் மேட்டுத் தெருவில் வேப்ப மரத்தடியில் உட்கார்ந்து வரைபடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மாணிக்கம் டீக்கடைக்குப் போயிருந்தார். அஞ்சலை வந்து எதிரே நின்றார். முப்பத்தைந்து வயது இருக்கும். உளுந்து பிடுங்கிய கை புழுதி படிந்து வெடித்திருந்தது.

“சார், கல்லுக்குழிக்குப் போனீங்களாமே?”

“போனேன்.”

“குழியப் பாத்தீங்களா?”

“பார்த்தேன்.”

சுற்றிலும் வேறு யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டார். பிறகு தரையில் உட்கார்ந்துகொண்டார்.

“நாங்கதான் சார் நட்டோம்.”

“எந்த நாங்க? நீ சொல்றது புரியல.” அப்போது நான் அவர்களை ‘நீ’ என்றுதான் பேசினேன். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். வெட்கத்தோடுதான் எழுதுகிறேன்.

“பொம்பளைங்க நாலு பேரு. அப்ப எங்க ஆம்பளைங்க எல்லாரும் கூலித் தகராறுல திருச்சி ஜெயில்ல இருந்தாங்க. அவுங்க உள்ள இருக்காங்கன்னு பண்ணையில வெட்டி வேலைய விட்டாங்களா? ஒரு நாளு ரெண்டு நாளாச்சு. ஆம்பள இல்லாத வீடுன்னா பொம்பள வான்னாங்க. கைப்புள்ளய வரப்புல போட்டுட்டு நாத்துப் பறிச்சோம். அப்பதான் மேக்கால வைக்கோல் கொண்டுபோய்க் குடுத்துட்டு, பண்ண வீட்டுக்கு முந்திரி வெறகு ஏத்திக்கிட்டு வரச் சொன்னாங்க. வண்டியோட்டியும் ஜெயில்ல. மத்த மூணு பேரையும் ஏத்திக்கிட்டு நாந்தான் ஓட்டிக்கிட்டுப் போனேன்.”

“நீ வண்டி ஓட்டினியா?”

“மாட்டுக்குத் தெரியுமா சார், ஓட்டுறது ஆம்பளையா பொம்பளையான்னு?”

கல்லுக்குழிக்கரையில் விறகு வெட்டிக்கொண்டிருந்த ஒருவரிடம் இந்தக் கல்லெல்லாம் என்ன என்று கேட்டிருக்கிறார்கள். ‘இந்தக் கல்லு இருக்கற எடமெல்லாம் கம்பெனி எடம், எவனும் கேக்க முடியாது’ என்று அவர் சொல்லியிருக்கிறார். அந்த வார்த்தை அஞ்சலையின் மனசில் விழுந்துவிட்டது. கல் இருந்தால் கம்பெனி இடம். கம்பெனி இடமானால் வெட்டி வேலை இல்லை. கடப்பாரையால் மூன்று கல்லைக் கிளப்பி, வண்டியில் அடியில் போட்டு, மேலே முந்திரி விறகை அடுக்கி, பட்டப்பகலில் பண்ணையின் சொந்த வண்டியிலேயே, பண்ணையின் சொந்த மாட்டைப் பூட்டிக் கொண்டுவந்திருக்கிறார்கள். ஊர் முழுக்கத் தேர் பார்க்கப் போயிருந்த நாளில் நட்டுவிட்டார்கள்.

“தாசில்தார் வந்து பாத்தாரு. கல்லு இருக்கேன்னாரு. அதோட வெட்டி நின்னுச்சு சார். எங்க புருசன்மாருங்க ஜெயில்லேருந்து வந்து, சங்கம் நிறுத்திடுச்சுன்னு சந்தோசப்பட்டாங்க. நாங்க ஒண்ணும் சொல்லல.” சிரித்தார். உடனே சிரிப்பு போய்விட்டது. “இப்ப அந்தக் கல்லே எங்க வீட்டப் புடுங்கப் போவுது. பிடுங்கிப் போட்டுருவோமான்னு நெனச்சோம். அதுக்குள்ள நீங்க நம்பர எழுதிட்டீங்க.”

“இதை ஏன் எங்கிட்ட சொல்ற? அளவுக் கல்ல அசைச்சா கேஸு, தெரியுமில்ல?”

“தெரியும். ஜெயிலுன்னா நான் போறேன். மத்த மூணு பேரு பேரும்...”

“வேண்டாம்!” என்று கையை நீட்டித் தடுத்தேன். “பேரெல்லாம் சொல்லாத. இதை வேற யார்கிட்டயும் சொல்லாத. ஒருத்தர்கிட்டயும்.”

அவர் என்னை நம்புவதா வேண்டாமா என்று பார்த்தார். எனக்கும் அதே சந்தேகம்தான்.

நான் எழுதிய இரண்டு வரி

அந்த வாரம் முழுக்க அறிக்கையை எழுதுவதும் கிழிப்பதுமாக இருந்தேன்.

பண்ணையார் சொல்வது பொய். ஆனால் அதற்குச் சாட்சியாக நிற்கும் கல், ஏழைகள் செய்த பொய். ஏழைகள் இப்போது சொல்வது உண்மை. ஆனால் அந்த உண்மைக்கு எதிராக அவர்களே கைநாட்டு வைத்த மனு இருக்கிறது. நான் உள்ளதை உள்ளபடி எழுதினால் அஞ்சலை ஜெயிலுக்குப் போவார். தெருவுக்கு மனை கிடைக்கும். எழுதாமல் விட்டால் அஞ்சலை வெளியே இருப்பார். தெரு போய்விடும்.

கடைசியில் இரண்டு வரி எழுதினேன்: ‘மேற்படி மூன்று கற்களும் அசல் இடத்தில் இல்லை. கல்லுக்குழி எல்லையிலிருந்து பெயர்ந்து வந்தவை. ஆதலால் அளவுக்கு எடுத்துக்கொள்ளத் தக்கவை அல்ல.’

தாசில்தார் படித்தார். மெலிந்த மனிதர், எப்போதும் வெற்றிலை. “பெயர்ந்து வந்தவைன்னா, கல்லுக்குக் காலா மொளச்சுது? யார் கொண்டுவந்தது?”

“தெரியல சார்.”

மேலதிகாரியிடம் நான் தெரிந்து சொன்ன முதல் பொய் அது. அவர் பேனாவை என் பக்கம் தள்ளினார்.

“தெரியலன்னா தெரியலன்னு கீழ எழுதுங்க. இந்த ஃபைல்ல எல்லாருக்கும் எல்லாம் தெரிஞ்சிருக்கு. ஒருத்தராவது தெரியலன்னு சொல்லட்டும்.”

எழுதினேன். அவர் கையெழுத்துப் போட்டார். விசாரணை, மேல்முறையீடு எல்லாம் கடந்து, மேடு பண்ணை நிலம் என்றே முடிவானது. சில வருடத்தில் தெருவில் எல்லோருக்கும் மனைப் பட்டா வந்தது. நான் அப்போது மாற்றலாகித் தரங்கம்பாடிப் பக்கம் கடற்கரை மணலை அளந்துகொண்டிருந்தேன். பட்டா கொடுத்த நாளை நான் பார்க்கவில்லை.

அக்காவின் சம்பந்தம் நின்றுபோனது. சிவக்கொழுந்து ஆள் அனுப்பிச் சொல்லவில்லை. சும்மா இருந்தார். அவர்கள் பக்கத்திலிருந்து பேச்சே இல்லாமல் போனது. அப்பா ஒரே ஒரு கேள்வி கேட்டார்: “அளந்தது சரியா?”

“சரிதாம்ப்பா.”

“அப்ப சரி” என்றார். ஆனால் மூன்று மாதம் என்னோடு உட்கார்ந்து சாப்பிடவில்லை. அக்கா அடுத்த வருடம் ஒரு வாத்தியாரைக் கல்யாணம் செய்துகொண்டு நன்றாகத்தான் இருந்தார். அந்த முதல் மாப்பிள்ளையை அவருக்குப் பிடித்திருந்ததா என்று நான் கேட்டதே இல்லை. இப்போது கேட்க அக்கா இல்லை.

சிவக்கொழுந்துவை ரொம்ப காலம் கழித்துத் தஞ்சாவூரில் ஒரு கல்யாணப் பந்தியில் பார்த்தேன். ஒதுங்கப் பார்த்தேன். கூப்பிட்டுப் பக்கத்தில் உட்காரவைத்தார். உடம்பு தளர்ந்திருந்தது.

“தம்பி, நீ எழுதினதுதான் சரி. அந்த மேடு எங்க தாத்தாவோடதுதான். அத என்னுது இல்லன்னு ஊர்முன்னால என் வாயால சொன்னேன் பாரு, அதுதான் இன்னிக்கும் உறுத்துது. எடம் போனது போகட்டும். அது எங்களுதுன்னு சர்க்கார் தாள்ல இருக்குல்ல, அது போதும்.”

சொல்லிவிட்டு என் இலைக்குப் பாயசம் போடச் சொன்னார். நான் அவரிடமிருந்து பிடுங்கினேனா, அவருக்குக் கொடுத்தேனா? அந்தப் பாயசத்தின் ருசிகூட எனக்குத் தெரியவில்லை.

போன மாதம்

இப்போது அந்த மேட்டைப் பாரம்பரிய நடைபாதை ஆக்கியிருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் புதாற்றங்கரையிலிருந்து கல்லுக்குழி வரை கூட்டமாக நடத்திக்கொண்டு போகிறார்கள். அங்கங்கே நீல நிறப் போர்டு. போன மாதம் பேரன் முன்பதிவு செய்துவிட்டு, “தாத்தா, நீங்க வேல பாத்த எடமாமே, வாங்க” என்று அழைத்துப் போனான்.

நிவேதிதா என்ற கல்லூரிப் பெண் வழிகாட்டியாக வந்தார். பாலத்தைக் காட்டினார். அதில் இப்போது புறா இல்லை. தண்ணீர்த் தொட்டித் தூண்களில் அரச மரத்தை வெட்டிச் சிமெண்ட் பூசியிருந்தார்கள். மேட்டுத் தெருவில் கூரை வீடு ஒன்றுகூட இல்லை. எல்லாம் மாடி வீடு. வாசலில் பைக், காரும் இரண்டு.

ஐந்தாம் நம்பர் கல்லைச் சுற்றிச் சங்கிலி போட்டிருந்தார்கள். “இது கம்பெனி தன் ரயில் பாதைக்கு எல்லை காட்ட இந்த எடத்துல நட்ட அசல் கல்” என்றார் நிவேதிதா. எல்லோரும் போட்டோ எடுத்தார்கள்.

நான் சும்மா இருந்திருக்கலாம். இத்தனை வருடம் இருந்தேனே. என்ன ஆயிற்றோ, “கம்பெனி நட்டது இல்லம்மா” என்று வாய் சொல்லிவிட்டது.

“பின்ன யாரு சார்?”

சொன்னேன். முதலில் தடுமாறினேன், பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். விறகு வண்டி, ஜெயில், வெட்டி வேலை, நான் எழுதிய இரண்டு வரி. சொல்லி முடித்தபோதுதான் கவனித்தேன், கல்லை ஒட்டிய வீட்டு வாசலில் ஒரு அம்மா கதவைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். ஐம்பதைத் தாண்டிய வயது. அரசு ஆஸ்பத்திரி நர்ஸ் என்று பிறகு தெரிந்தது.

“அஞ்சலைன்னா சொன்னீங்க?”

“ஆமாம்மா.”

“நான் அவுங்க பொண்ணு. செல்வி.” அருகில் வந்தார். “நீங்க சொல்றது எங்கம்மாவையா? எங்கம்மா வண்டி ஓட்டுனாங்களா?”

“ஓட்டினாங்க. அவங்களே சொன்னாங்க.”

“எங்கிட்ட சொல்லலையே. எங்கப்பாகிட்டயும் சொல்லல. கடசி ரெண்டு வருஷம் நான்தான் பக்கத்துலயே இருந்தேன், எத்தனையோ கத சொன்னாங்க. இத மட்டும் சொல்லல.” கல்லைச் சுற்றியிருந்த சங்கிலியைப் பிடித்துக்கொண்டார். “அம்மாவுக்கு ஒண்ணும் தெரியாது, அப்பாதான் ஜெயிலுக்குப் போனாரு, சங்கத்துல இருந்தாருன்னு நானே எத்தன தடவ சொல்லியிருக்கேன், அவுங்க முன்னாலயே...”

ஒருத்தர்கிட்டயும் சொல்லாதே என்று நான் சொன்னதை அந்த அம்மாள் சாகும்வரை காப்பாற்றியிருக்கிறார். ஒரு வருடம், இரண்டு வருடம் போதும் என்று நினைத்துத்தான் சொன்னேன். திரும்பி வந்து, ‘இனிமே சொல்லலாம்’ என்று சொல்ல எனக்குத் தோன்றவே இல்லை. நான் அவரைக் காப்பாற்றினேன் என்று இத்தனை நாளும் நினைத்திருந்தேன். செல்வியின் முகத்தைப் பார்த்தபோது அது அவ்வளவு சுலபமான கணக்காக இல்லை.

“என்னை மன்னிச்சுடும்மா” என்றேன். அவர் அதைக் காதில் வாங்கினாரா என்று தெரியவில்லை. புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“நாலு பேருன்னு சொன்னீங்க. எங்கம்மா ஒருத்தங்க. மத்த மூணு பேரு?”

“எனக்குத் தெரியாதும்மா. அவங்க சொல்ல வந்தாங்க. நான்தான் கேக்க மாட்டேன்னுட்டேன்.”

செல்வி தெருவை மேலும் கீழும் பார்த்தார். பிறகு விறுவிறுவென்று நடந்துபோய், மூன்று வீடு தள்ளி ஒரு கேட்டைத் தட்டினார்.

“ராணி அக்கா! சித்த வெளிய வாங்க. ஒங்கம்மா எங்கம்மாகூட வண்டில போனாங்களா, எப்பனாச்சும் சொன்னாங்களா?”

நிவேதிதா கைக்கடிகாரத்தைப் பார்த்தார். கல்லுக்குழிக்கு இன்னும் தூரம் இருந்தது. ஆனால் கூட்டத்தில் யாரும் அந்தப் பக்கம் திரும்பவில்லை. எல்லோரும் செல்வியின் பின்னால் போய் அந்தக் கேட்டின் முன் நின்றார்கள். நானும் போனேன்.

உள்ளே மிக்ஸி ஓடுவது நின்றது.

“எந்த வண்டிடீ?” என்று ஒரு குரல் கேட்டது.